அயல்நாட்டுச் செய்தி: யார் கண்ட சாட்சி?

நம் ஊர்த் திருவிழாவைப் பற்றி நாளேடு ஒன்றில் தவறான செய்தி வந்துவிட்டால் என்ன நிகழும்? தேர் பவனி வந்த நாள் மாறியிருக்கலாம். கொடியேற்றியவரின் பெயர் பிழையாக அச்சாகியிருக்கலாம். காலை ஏழு மணிக்குள் தேநீர்க் கடையில் அப்பிழை கண்டுபிடிக்கப்பட்டுவிடும். எட்டு மணிக்குள் ஊர் முழுவதும் அதைச் சொல்லிச் சிரிக்கும். மறுநாள் திருத்தம் வெளிவரலாம். வராவிட்டாலும் பெருங்கேடு இல்லை. உண்மை இன்னதென்று ஊரார்க்குத் தெரியும்.

அதே நாளேட்டின் உட்பக்கத்தில், பல்லாயிரம் மைல்களுக்கு அப்பாலுள்ள ஒரு நாட்டின் அரசியலைப் பற்றி வெளிவரும் செய்தியை யார் திருத்துவார்? அந்நாட்டு மொழியை நாம் அறியோம். அங்கே நமக்கு உற்றாரோ உறவினரோ இல்லை. ஆதலால் அச்சில் கண்டதை அப்படியே ஏற்றுக்கொள்கிறோம். அல்லது, நமக்கு முன்பே பிடித்த கட்சிக்கு ஒத்துவந்தால் ஏற்று, ஒத்துவராவிட்டால் தள்ளிவிடுகிறோம். இவ்விரண்டும் உண்மையைத் தேடும் வழிகள் அல்ல.

'தொலைநாட்டுச் செய்தி தவறாக இருந்தால் நமக்கென்ன நட்டம்?' என்று சிலர் கேட்கக்கூடும். நட்டம் நமக்கு இல்லாமலிருக்கலாம். ஆனால் செய்தியின் மறுமுனையில் மனிதர் இருக்கின்றனர். அவர்கள் சொன்னதை உலகம் நம்பினால் ஒரு படைக்குப் போகும் ஆயுதம் நிற்கக்கூடும், நம்பாவிட்டால் போய்க்கொண்டேயிருக்கும். இதனை வெறும் கருத்தாகக் கூறாமல், நடந்த நிகழ்ச்சி ஒன்றைக் கொண்டு விளக்க விரும்புகிறோம்.

செய்தி நடந்து வரும் வழி

அதற்குமுன், அயல்நாட்டுச் செய்தி நம் வீட்டுத் திண்ணைக்கு எவ்வாறு வந்து சேர்கிறது என்பதைச் சற்றே நோக்குவோம். உலகின் எல்லா நாடுகளிலும் தமக்கென நிருபரை அமர்த்தும் வசதி மிகச் சில ஏடுகளுக்கே உண்டு. ஏனையவை செய்தி நிறுவனங்களை நம்பியுள்ளன. நியூயார்க்கில் 1846-இல் தோன்றிய அசோசியேட்டட் பிரஸ், இலண்டனில் 1851-இல் தோன்றிய ராய்ட்டர், பாரிசைத் தலைமையிடமாகக் கொண்ட பிரெஞ்சு நிறுவனமான ஏ.எஃப்.பி. ஆகியவை இவற்றுள் முதன்மையானவை. அங்கிருந்து வரும் ஆங்கிலச் செய்தியை நம் நாட்டுச் செய்தி நிறுவனங்களும் ஏடுகளும் பெற்றுச் சுருக்கி, மொழிபெயர்த்து, தலைப்பிட்டு வெளியிடுகின்றன. கண்டவர் ஒருவர், கேட்டெழுதியவர் ஒருவர், சுருக்கியவர் ஒருவர், தமிழாக்கியவர் ஒருவர், தலைப்பிட்டவர் ஒருவர் எனப் பல கைகள் மாறியே அது நம்மிடம் வருகிறது. இவர்களுள் ஒருவரும் பொய் சொல்ல எண்ணாதிருக்கலாம். ஆயினும் ஒவ்வொரு கையிலும் ஏதோ ஒன்று உதிர்ந்துபோகிறது. 'என்று கூறப்படுகிறது' என்னும் இரு சொற்கள் உதிர்ந்தால் போதும், வதந்தி உண்மையாகிவிடும்.

செல்வ நாடுகளின் நிறுவனங்களே உலகச் செய்தியை வடித்தெடுத்துக் கொடுக்கும் இந்நிலையைக் குறித்து ஏழை நாடுகள் நெடுநாள் முறையிட்டுவந்தன. யுனெஸ்கோ அமைத்த ஒரு குழு, அயர்லாந்து நாட்டவரான ஷான் மக்பிரைட் தலைமையில் இதனை ஆராய்ந்து 1980-இல் அறிக்கை வெளியிட்டது. இந்தியப் பத்திரிகையாளர் பி. ஜி. வர்கீஸ் அக்குழுவின் உறுப்பினர்களுள் ஒருவர். செய்தி ஒருவழிப் பாதையாக ஓடுவது நல்லதன்று என்பது அதன் முடிபுகளுள் ஒன்று. ஆனால் பாதையின் குறை ஒருபுறமிருக்க, பாதையின் தொடக்கத்திலேயே உண்மையை மறிப்பவர்களும் உண்டு. அதற்கு எடுத்துக்காட்டே இனி வருவது.

எல் மொசோத்தே

நடு அமெரிக்காவில் எல் சால்வதோர் என்றொரு சிறு நாடு. பரப்பளவு ஏறத்தாழ 21,000 சதுர கிலோமீட்டர். அக்காலத்தில் மக்களுள் பெரும்பாலோர் கத்தோலிக்கராக இருந்தனர். நிலமெல்லாம் சில குடும்பங்களின் கையிலிருக்க, உழவர் வறுமையில் வாடினர். 1980-இல் அரசுப் படைக்கும் இடதுசாரிக் கொரில்லாக்களுக்கும் மூண்ட உள்நாட்டுப் போர் 1992 வரை நீடித்து, ஏறத்தாழ 75,000 உயிர்களைக் கொண்டது. அரசுப் படைக்கு ஐக்கிய அமெரிக்கா பணமும் ஆயுதமும் பயிற்சியும் அளித்தது.

அந்நாட்டில் உண்மைச் செய்தி அறிய விரும்பியவர்கள் நாளேட்டைவிட ஒரு மறையுரையை மிகுதியாக நம்பிய காலம் ஒன்று இருந்தது. தலைநகர் சான் சல்வதோரின் பேராயர் ஆஸ்கார் ரொமேரோ ஞாயிறுதோறும் தம் மறையுரையில் அவ்வாரம் கொல்லப்பட்டோர், காணாமற்போனோர் ஆகியோரைப் பெயர் சொல்லி எடுத்துரைப்பார். மறைமாவட்டத்தின் வானொலி அதனை நாடெங்கும் பரப்பும். அந்நிலையம் பன்முறை வெடிகுண்டால் தாக்கப்பட்டது. 1980 மார்ச்சு 24 அன்று, திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்த வேளையில் பேராயர் சுட்டுக் கொல்லப்பட்டார். 2018 அக்டோபர் 14 அன்று திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது.

அவர் மறைந்து இரண்டு ஆண்டுகள் நிறைவுறுமுன் நிகழ்ந்தது எல் மொசோத்தே. ஹோண்டுராஸ் எல்லைக்கருகில், மொராசான் மாநிலத்து மலைப்பகுதியில் உள்ள சிற்றூர் அது. சுற்றிலும் கொரில்லாக்களின் நடமாட்டம் மிகுந்திருந்தாலும் இவ்வூரார் அவர்களோடு சேராமல் ஒதுங்கியே இருந்தனர். படை வரப்போகிறது என்ற பேச்சு எழுந்தபோது, 'ஊரைவிட்டுப் போகாதீர்கள், இங்கிருந்தால் உங்களுக்குத் தீங்கில்லை' என்று இராணுவ அதிகாரி ஒருவர் கூறியதாக ஊர்க் கடைக்காரர் ஒருவர் மக்களுக்குச் சொன்னார். அதனை நம்பி அயலூர்களிலிருந்தும் பல குடும்பங்கள் இங்கே வந்து கூடின.

1981 டிசம்பர் 10 மாலையில் அத்லாகாத்ல் என்னும் படைப்பிரிவு ஊருக்குள் நுழைந்தது. அமெரிக்க அறிவுரையாளரிடம் பயிற்சி பெற்ற சிறப்புப் படை அது. மறுநாள் விடியற்காலையில் ஆண்களைக் கோயிலிலும், பெண்களையும் பிள்ளைகளையும் ஒரு வீட்டிலும் அடைத்தனர். முதலில் ஆண்களைக் கொன்றனர். நண்பகலிலிருந்து பெண்களைக் கூட்டங் கூட்டமாகக் கொண்டுபோயினர். கடைசியாகக் குழந்தைகள். அடுத்த நாள்களில் சுற்றுவட்டத்துச் சிற்றூர்களிலும் இதுவே நிகழ்ந்தது.

பெண்களின் வரிசையில் கடைசியில் நின்றவர் ரூஃபினா அமாயா. நான்கு பிள்ளைகளின் தாய். கடைசிக் குழந்தைக்கு எட்டு மாதம். படைவீரர் கவனம் பிசகிய நொடியில் அவர் புதரோரம் இருந்த ஒரு சிறு மரத்தின் பின்னே ஒடுங்கினார். கணவரின் மரணத்தைக் கண்டிருந்தார். ஒளிந்திருந்த இடத்திலிருந்தே தம் பிள்ளைகள் அலறும் குரலைக் கேட்டார். அழுதால் தாமும் அகப்படுவோம் என்று முகத்தை மண்ணில் புதைத்துக்கொண்டார். இரவில் ஊர்ந்து தப்பினார். அங்கு நடந்ததைச் சொல்ல அவர் உயிரோடிருந்தார்.

இரு நிருபர்கள்

நியூயார்க் டைம்ஸ் நாளேட்டின் ரேமண்ட் பானர், நிழற்படக் கலைஞர் சூசன் மைசலாசுடன் 1982 சனவரித் தொடக்கத்தில் ஹோண்டுராஸ் வழியே எல்லை கடந்து, இரவில் மலைவழி நடந்து அவ்விடம் சேர்ந்தார். சில நாள் கழித்து, வாஷிங்டன் போஸ்ட் ஏட்டுக்கு எழுதிவந்த மெக்சிகோ நாட்டுப் பெண்மணி அல்மா கில்லெர்மோபிரியெத்தோ தனியே சென்றார். எரிந்த வீடுகள், இடிபாடுகளுக்கிடையே எலும்புகள், பிண வாடை ஆகியவற்றை அவர்கள் கண்டனர். ரூஃபினாவைக் கண்டு பேசினர். மடிந்தவர்களாக ஊரார் தொகுத்திருந்த 733 பெயர்களின் பட்டியலைப் பானர் பார்த்தார். இரு ஏடுகளும் 1982 சனவரி 27 அன்று தம் முதற்பக்கத்தில் செய்தியை வெளியிட்டன.

இவ்விடத்தில் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அவர்களை அழைத்துச் சென்றவர்கள் கொரில்லாக்கள். அரசுக்கு எதிரான செய்தி உலகில் பரவவேண்டுமென்பது கொரில்லாக்களின் விருப்பம். நிருபர்கள் இதனை மறைத்தார்களா? இல்லை. தாம் யார் துணையோடு சென்றோம் என்பதை எழுதினர். நிகழ்ச்சியின்போது உடனில்லாத ஒருவர், இறந்தோர் எத்தனைபேர் என்பதையும் கொன்றவர் யார் என்பதையும் தாமே அறுதியிட்டுக் கூற இயலாது என்பதையும் பானர் தம் செய்தியிலேயே குறிப்பிட்டார். கண்டதைக் 'கண்டேன்' என்றும், கேட்டதைக் 'கேட்டேன்' என்றும் பிரித்தெழுதுவதே நாணயமான நிருபரின் அடையாளம். செய்தி நம்பத்தக்கதா என்று எடைபோட வாசகருக்கு வேண்டிய படிக்கற்களை அவர்களே கொடுத்துவிட்டனர்.

மறுப்பின் கலை

இனி மறுப்பு எவ்வாறு எழுந்தது என்று பார்ப்போம். எல் சால்வதோர் அரசு மனித உரிமைகளைக் காப்பதில் முன்னேறிவருகிறது என்று குடியரசுத் தலைவர் ஆறு மாதத்துக்கொருமுறை சான்றளித்தால்தான் அந்நாட்டிற்கு ஆயுத உதவி தொடரலாம் என்று அமெரிக்கப் பேராயம் சட்டம் செய்திருந்தது. செய்தி வெளிவந்த மறுநாளே, சனவரி 28 அன்று, தலைவர் ரேகன் அச்சான்றிதழை அளித்தார். அந்தச் செய்தி உண்மையானால் சான்றிதழ் பொய்யாகும். ஆகவே செய்தியைத்தான் பொய்யாக்க வேண்டியிருந்தது.

தூதரகத்திலிருந்து இரு அதிகாரிகள் விசாரிக்கச் சென்றனர். ஊர்திமேல் பறந்து ஊரை மேலிருந்து பார்த்தனர். இராணுவத்தின் துணையோடு அயலிடங்களில் சிலரை வினவினர். ஆனால் எல் மொசோத்தேயில் காலெடுத்து வைக்கவில்லை. பொதுமக்கள்மீது வரம்பு மீறிய வன்செயல் நடந்ததென்று நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது என்னும் பொருள்பட அவர்களுடைய அறிக்கை அமைந்தது. பிப்ரவரித் தொடக்கத்தில் வெளிநாட்டுத் துறையின் துணைச் செயலர் தாமஸ் எண்டர்ஸ் பேராயக் குழுவின் முன் பேசியபோது அது மேலும் சுருங்கிற்று: அரசுப் படையினர் பொதுமக்களைத் திட்டமிட்டுக் கொன்றதற்குச் சான்று ஏதும் கிடைக்கவில்லை என்றார். 'சான்று கிடைக்கவில்லை' என்பதற்கும் 'நடக்கவில்லை' என்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேற்றுமை உண்டு. சென்று பாராதவருக்குச் சான்று எங்கே கிடைக்கும்? ஆயினும் கேட்டவர் செவியில் இரண்டும் ஒன்றாகவே ஒலித்தன.

எண்டர்ஸ் மற்றுமொரு வாதம் கூறினார். அவ்வூரின் மக்கள் தொகையே 300-க்கு மேலில்லை. அங்கே எழுநூறு பேர் இறந்தது எவ்வாறு என்று கேட்டார். எண் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அயலூரார் அங்கு வந்து கூடியிருந்ததையும், கொலை ஓர் ஊரோடு நில்லாமல் பல ஊர்களில் நடந்ததையும் அந்த எண் சொல்லாது. மெய்யான ஓர் எண்ணைக்கொண்டு பொய்யான முடிவுக்கு வரலாம் என்பதற்கு இதைவிடச் சிறந்த பாடம் வேண்டுவதில்லை.

அடுத்துத் தாக்கியவர்கள் அயலார் அல்லர், பத்திரிகையாளரே. பிப்ரவரி 10 அன்று வால் ஸ்ட்ரீட் ஜர்னல் ஏடு தலையங்கம் எழுதிற்று. பானர் கொரில்லாக்களின் சொல்லை எளிதில் நம்பிவிட்டார் என்று கடிந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் பானர் எல் சால்வதோரிலிருந்து நியூயார்க்கிற்குத் திரும்ப அழைக்கப்பட்டார். அரசின் நெருக்குதலுக்கு அஞ்சி அவ்வாறு செய்யவில்லை என்று அவ்வேட்டின் தலைமையாசிரியர் பிற்காலத்திலும் உறுதியாகக் கூறிவந்தார். அவர் கருத்து எதுவாயினும், அங்கே பணியாற்றிய மற்ற நிருபர்கள் அதனை எச்சரிக்கையாகவே எடுத்துக்கொண்டனர் என்று பலரும் எழுதியுள்ளனர். செய்தி மெல்ல மறக்கப்பட்டது. ஆயுத உதவி தொடர்ந்தது. ரூஃபினாவின் சொல் உலகின் கண்ணில் ஐயத்துக்குரிய சொல்லாகவே நின்றது.

மறுபக்கமும் உண்டு

இவ்வரலாற்றைப் படிக்கும் சிலர், வலதுசாரி வல்லரசுகள்தாம் இவ்வாறு செய்யும் என்று முடிவுகட்டக்கூடும். அது தவறு. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் எதிர்த்திசையிலும் இதுவே நிகழ்ந்தது.

1932, 1933 ஆண்டுகளில் சோவியத் ஆட்சிக்குட்பட்ட உக்ரைனில் கொடும் பஞ்சம். ஸ்டாலின் அரசு உழவரின் தானியத்தை வற்புறுத்திக் கவர்ந்து சென்றதால் பல இலட்சக்கணக்கானோர் மடிந்தனர். வேல்ஸ் நாட்டு இளைஞர் கேரத் ஜோன்ஸ் 1933 மார்ச்சில் இரயிலிலிருந்து இடைவழியில் இறங்கி, சிற்றூர்களினூடே நடந்துசென்று, குடிசைகளில் தங்கி, மக்கள் ரொட்டியின்றிச் சாவதைக் கண்டறிந்தார். மார்ச்சு 29 அன்று பெர்லின் நகரில் அதனை வெளியிட்டார். இரண்டே நாளில் மாஸ்கோவிலிருந்து மறுப்பு வந்தது. எழுதியவர் அரசு அலுவலர் அல்லர். நியூயார்க் டைம்ஸ் ஏட்டின் மாஸ்கோ நிருபரும், முந்திய ஆண்டில் புலிட்சர் பரிசு பெற்றவருமான வால்ட்டர் டுராண்டி. பட்டினிச் சாவு இல்லை, ஊட்டக்குறைவால் வரும் நோய்களால்தான் சாவு மிகுந்துள்ளது என்பது அவர் கூறியதன் சாரம். பசியால் இறந்தவனை நோயால் இறந்தவனாக எழுதினால் பஞ்சம் மறைந்துவிடுமா?

டுராண்டி ஒருவரையே பழிப்பதிலும் பயனில்லை. மாஸ்கோவில் இருந்த நிருபர்களின் செய்தி ஒவ்வொன்றும் தணிக்கையாளரின் கைப்பட்டே வெளியேறும். தணிக்கையாளரைப் பகைத்தால் நாட்டில் தங்கும் அனுமதி போய்விடும்; அனுமதி போனால் வேலையும் போய்விடும். அங்கிருந்த மற்றொரு நிருபரான யூஜின் லயன்ஸ், தாங்கள் எல்லாரும் சேர்ந்து ஜோன்சைப் பொய்யராக்கியதைப் பின்னர் 1937-இல் தம் நூலில் வருத்தத்துடன் ஒப்புக்கொண்டார். மான்செஸ்டர் கார்டியன் ஏட்டின் மால்கம் மக்கரிட்ஜ், தாம் கண்டதைத் தூதரகத் தபால் பையில் கள்ளமாக அனுப்பி, பெயரின்றியே அச்சேற்றினார். அவரே பின்னாளில், 1982-இல், கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்த எழுத்தாளர். ஜோன்சோ 1935-இல் சீனத்தின் வடபுறத்தே கொள்ளையரால் கடத்தப்பட்டு, முப்பதாவது பிறந்தநாளுக்கு முன்னாளில் கொல்லப்பட்டார். அவர் கூறியது மெய்யென்று உலகம் முழுமையாக ஏற்றதை அவர் காணவில்லை.

ஓரிடத்தில் வலதுசாரிகளின் தேவை. ஓரிடத்தில் இடதுசாரிகளின் தேவை. இரண்டிலும் முறை ஒன்றே. நேரில் சென்றவனை 'ஏமாளி' என்றோ 'பொய்யன்' என்றோ பழித்தனர். செல்லாதவனை 'நிதானமானவன்' எனப் போற்றினர். கட்சி எதுவாயினும், அதிகாரம் தன்னைக் காத்துக்கொள்ளும் வழி இதுவே. ஆதலின் கொடியின் நிறத்தைப் பார்த்துச் செய்தியை நம்புகிறவர் என்றாவது ஒருநாள் ஏமாறுவது திண்ணம்.

மண் கூறிய சாட்சி

மீண்டும் எல் மொசோத்தேக்கு வருவோம். செய்தியாளர் அகன்றபின்னும் அவ்வூரை மறவாதிருந்தவர்களுள் சான் சல்வதோர் உயர் மறைமாவட்டத்தின் சட்ட உதவி அலுவலகமும் ஒன்று. அதன் தலைமையில் இருந்தவர் மரியா ஹூலியா எர்னாண்டஸ் என்னும் பெண்மணி. உயிர்தப்பியோரை ஒவ்வொருவராகக் கண்டு, வாக்குமூலம் பதிந்து, இறந்தவரின் பெயர்களைக் குடும்பம் குடும்பமாக அவர்கள் தொகுத்தனர். தலைப்புச் செய்திக்காக அன்று. ஒவ்வோர் இறந்தவருக்கும் ஒரு பெயர் உண்டு என்பதற்காக. 1990-இல் உழவர் ஒருவர் துணிந்து நீதிமன்றத்தில் முறையிட்டார்.

1992 சனவரியில் அமைதி உடன்பாடு ஏற்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் அர்ஜென்டினா நாட்டுத் தடயவியல் அறிஞர் குழு ஒன்று கோயிலையடுத்த சிறு கட்டடத்தின் இடிபாடுகளைத் தோண்டத் தொடங்கியது. அவ்வொரு கட்டடத்திலிருந்து மட்டும் 143 எலும்புக்கூடுகள் அடையாளங் காணப்பட்டன. அவற்றுள் 131, பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுடையவை. குழந்தைகளின் சராசரி வயது ஏறத்தாழ ஆறு. எலும்புகளோடு கிடந்த தோட்டாக் கூடுகளுள் முத்திரை தெரிந்தவை அமெரிக்காவில் மிசூரி மாநிலத்துத் தொழிற்சாலை ஒன்றில் அந்நாட்டு அரசுக்காகச் செய்யப்பட்டவை.

போரில் மாண்ட கொரில்லாக்கள் என்று இனி எவரும் கூற முடியவில்லை. ஆறு வயதுக் குழந்தை எந்தப் படையில் சேரும்? ஐக்கிய நாடுகள் அவை அமைத்த உண்மை அறியும் குழு 1993 மார்ச்சில் தன் அறிக்கையை வெளியிட்டது. படையினர் திட்டமிட்டுச் செய்த கொலையே என்று அது உறுதிப்படுத்தியது. பானரும் கில்லெர்மோபிரியெத்தோவும் எழுதியது மெய். பதினோராண்டுகளுக்கு முன்பே ரூஃபினா கூறியது மெய்.

அறிக்கை வெளிவந்த சில நாள்களிலேயே அந்நாட்டுப் பாராளுமன்றம் குற்றவாளிகள் அனைவர்க்கும் மன்னிப்புச் சட்டம் இயற்றிற்று. 2012 சனவரியில் அந்நாட்டின் குடியரசுத் தலைவர் மௌரிசியோ ஃபூனெஸ் எல் மொசோத்தேக்கே வந்து அரசின் பெயரால் மன்னிப்பு வேண்டினார். மன்னிப்புச் சட்டம் செல்லாதென 2016-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தபின் வழக்கு மீண்டும் திறக்கப்பட்டது. அரசே பின்னர் தொகுத்த பட்டியலில் இறந்தோர் ஏறத்தாழ ஆயிரம் பேர். அவருள் பாதிக்கு மேற்பட்டோர் சிறுவர். ரூஃபினா வழக்கின் மறுதொடக்கத்தைக் காணவில்லை. 2007 மார்ச்சு 6 அன்று அவர் காலமானார். இறுதிவரை தம்மிடம் கேட்டவர்க்கெல்லாம் சலிக்காமல் அதே சாட்சியத்தைச் சொல்லிவந்தார்.

வாசகரின் கடமை

இவ்வளவையும் படித்தபின், 'நிருபரும் அரசும் போராடட்டும். வீட்டிலிருந்து ஏடு படிக்கும் நாம் என்ன செய்ய முடியும்?' என்று நீங்கள் கேட்கலாம். செய்யக்கூடியது உண்டு. செய்தித்தாளை வெறுத்தொதுக்குவது அன்று அது. எல்லாம் பொய் என்று கைவிரிப்பவன், எல்லாம் மெய் என்று நம்புகிறவனைப் போலவே சோம்பேறி. இருவரும் ஆராய மறுக்கின்றனர். அன்றியும், எல்லாம் பொய் என்று மக்கள் சோர்ந்துபோவதைத்தான் கொடுங்கோலர் விரும்புவர். அப்போது மெய்ச் சாட்சியும் பொய்யோடு பொய்யாய்க் குப்பைக்குப் போய்விடும்.

அயல்நாட்டுச் செய்தி ஒன்றைப் படிக்கும்போது நான்கு கேள்விகளைக் கேட்கப் பழகுவோம்.

முதலாவது: இதனை எழுதியவர் நேரில் சென்றாரா? எங்கிருந்து எழுதினார் என்பதைச் செய்தியின் முதல் வரியிலேயே பெரும்பாலும் காணலாம். போர் நடக்கும் ஊரைப் பற்றிய செய்தி, நூற்றுக்கணக்கான மைல் தள்ளியுள்ள தலைநகரின் பெயரைத் தாங்கி வந்தால், எழுதியவர் கேட்டதை எழுதுகிறார் என்று கொள்க.

இரண்டாவது: அவர் யார் துணையோடு சென்றார், அவர் அங்கே தங்குவதற்கு யாருடைய அனுமதி வேண்டும்? இராணுவத்தின் ஊர்தியில் சென்றவர் ஒன்றைக் காண்பார்; கொரில்லாக்களின் வழிகாட்டலில் சென்றவர் மற்றொன்றைக் காண்பார். இருவரும் பொய்யர் என்பதன்று. துணையை வெளிப்படச் சொல்கிறவரை மிகுதியாக நம்பலாம்.

மூன்றாவது: மறுப்பவர் எதை மறுக்கிறார்? நிகழ்ச்சியையா, எண்ணிக்கையையா, சொன்னவரின் நேர்மையையா? நிகழ்ச்சியைத் தொடாமல் சொன்னவரைத் தாக்கும் மறுப்பு பெரும்பாலும் பலவீனமான மறுப்பு.

நான்காவது: இது உண்மையானால் யாருக்கு இடையூறு, பொய்யானால் யாருக்கு ஆதாயம்? இக்கேள்வியை நாம் வெறுக்கும் கட்சியைக் குறித்து மட்டுமன்று, விரும்பும் கட்சியைக் குறித்தும் கேட்டல் வேண்டும். இதுவே நான்கனுள் கடினமானது.

இன்று கைப்பேசியின் வாயிலாக உலகின் எம்மூலையிலிருந்தும் படங்களும் செய்திகளும் நொடியில் வந்து குவிகின்றன. கண்டவர்க்கும் கேட்பவர்க்கும் இடையிலிருந்த தொலைவு அகன்றுவிட்டதாக நாம் மயங்குகிறோம். வேகம் பெருகியதே தவிர, சான்று பெருகிவிடவில்லை. எவ்வூரில், எந்நாளில், யார் எடுத்த படம் என்பது தெரியாமலே அதனை மற்றவர்க்கு அனுப்பிவைக்கிறோம். பானர் காலத்தில் ஒரு செய்தியைப் பரப்பும் பொறுப்பு ஆசிரியர் சிலரிடம் இருந்தது. இக்காலத்தில் அது நம் ஒவ்வொருவர் விரலிலும் இருக்கிறது. பொய்ச்சாட்சி சொல்லாதிருக்கும் கடமை, பொய்ச்சாட்சியைப் பரப்பாதிருக்கும் கடமையாகவும் விரிந்துவிட்டது.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். மாலையில் குடும்பத்தார் ஒன்றுகூடும் நேரத்தில், அன்றைய ஏட்டிலிருந்து அயல்நாட்டுச் செய்தி ஒன்றை எடுத்துப் பிள்ளைகளிடம் படிக்கச் சொல்லுங்கள். வரைபடத்தில் அந்நாட்டைத் தேடச் செய்யுங்கள். 'இதைக் கண்டவர் யார்?' என்று கேளுங்கள். ஒரு திங்களில் அவர்கள் அரசியல் அறிஞர் ஆகிவிடமாட்டார்கள். ஆனால் அச்சிலுள்ள எண்களுக்குப் பின்னே முகங்கள் இருப்பதை உணர்வார்கள்.

எல் மொசோத்தேயின் நடுவே இன்று எளிய நினைவுச்சின்னம் ஒன்று நிற்கிறது. இரும்புத் தகட்டில் வெட்டிய தாய், தந்தை, இரு பிள்ளைகள் ஆகியோரின் நிழலுருவங்கள் கைகோத்து நிற்கின்றன. பின்னேயுள்ள சுவரில் இறந்தோரின் பெயர்கள். 1982-இல் அப்பெயர்களை ஐயத்துக்குரிய பட்டியல் என்று உலகம் ஒதுக்கிற்று. மலைவழி நடந்து சென்று கேட்ட இருவரும், வாக்குமூலங்களைப் பொறுமையாகச் சேர்த்துவைத்த சில அலுவலரும், சொன்னதை மாற்றாத ஒரு தாயும் இல்லாதிருந்தால் அப்பெயர்கள் சுவரேறியிரா.

நாளைக் காலையும் ஏடு வரும். அதன் உட்பக்கத்தில், நாம் பெயர் கேட்டறியாத ஓர் ஊரைப் பற்றி நான்கு வரிச் செய்தி இருக்கும். அதனைக் கடந்து அடுத்த பக்கம் புரட்டுமுன், ஒரு நிமிடம் நின்று, யார் கண்ட சாட்சி இது என்று கேட்போம்.